தலைக்கு மேலே ஒரு மின்தாரை



தூத்துக்குடி முத்தையாபுரம் உப்பளங்களில் பாத்தி நீரை உப்பாக்கும் அதே வெயில், நம் தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் இன்னொரு வேலையும் செய்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள மெல்லிய காற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கின்றன. மின்னூட்டம் பெற்ற அந்தக் காற்றில், பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் பாய்கிறது. நண்பகலை ஒட்டி அது உச்சம் தொடும்; இரவில் ஓய்ந்துவிடும்.

பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் இந்த மின்தாரை பாய்கிறது. சாய்வை அளக்கும் காந்த ஊசி, மேலோ கீழோ சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைப்பதே காந்த நடுக்கோடு. அது இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான்.

நமக்குப் பக்கத்திலேயே, திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பூமியின் காந்தப்புல மாற்றங்களையும், ரேடார் மூலம் மேல்வளிமண்டலக் காற்றோட்டத்தையும் அங்கே கவனித்து வருகிறார்கள்.

இந்த ஆய்வு கடலோடிகளுக்கும் உதவும். நடுக்கோட்டுப் பகுதியின் மேல்வளிமண்டலம் சூரியன் மறைந்தபின் கொந்தளிக்கும்போது, செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜி.பி.எஸ். சமிக்ஞை தடுமாறும். அந்தக் கொந்தளிப்பை முன்கூட்டியே அறிய முடிந்தால், இரவில் கரை திரும்பும் படகுகளுக்கு அது பெரும் பாதுகாப்பு.