முன்னோரைத் தேடும் ஏடுகள்

அயர்லாந்தில் 1864 முதல் பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயம். அப்பழைய ஏடுகளை இன்று இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காட்டிலோ, டச்சுக்காரர் பெயர்கள் கல்லறைகளில் நிலைத்திருக்கின்றன. ஏரியை நம்பி வாழ்ந்த மீனவர் தம் முன்னோரைத் தேட அரசுப் பதிவேடுகளையே நாட வேண்டும்.

1969-ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. ஊரகத்தில் கிராம நிர்வாக அலுவலரே பதிவாளர். பழைய ஏடுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு அளிக்க வேண்டும். பெயர், ஊர், உத்தேச ஆண்டு தெரிந்தால் தேடல் எளிது. ஓராண்டுக்குள் பதியாத மரணத்தைப் பின்னர் பதிய உரிய நடுவரின் ஆணை தேவை. வாரிசுச் சான்றுக்கு இறப்புச் சான்றே அடிப்படை. அது இல்லாத குடும்பம் உரிமைக்காக அலைய நேர்கிறது. தாள்கள் நைந்துபோகுமுன் பழைய ஏடுகளை இணையத்தில் ஏற்றுவது அரசின் கடமை.