லேபிளில் இல்லாத முகங்கள்

எங்கள் எம். புதுப்பட்டி வட்டாரத்தில் படங்களுக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. லட்சுமி வெடியின் உறையில் திருமகள், மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கும் குழந்தை, சிவகாசியில் அச்சாகும் நாள்காட்டியில் முருகன் எனப் பார்த்தே வளர்ந்தேன். ஓவியம் பயிலச் சென்ற பிறகுதான், ‘காலண்டர் படம்’ என்பது அங்கே ஒரு வசைச்சொல் என்று தெரிந்தது.

அந்த ஏளனத்துக்கு வரலாறு தெரியாது. நாள்காட்டி ஓவியத்தின் முன்னோடியான கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராகச் சுற்றியவர், பின்னர் பக்கத்து நகரமான கோவில்பட்டியில் தங்கி ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கினார். அவர்கள் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே எண்ணற்ற வீடுகளின் சுவர்களை அடைந்தன.

நவீன ஓவியர்களில் இந்தப் படங்களின் வலிமையைக் கூச்சமின்றி ஏற்றுக்கொண்டவர் பூபேன் கக்கர் (1934–2003). பட்டயக் கணக்காளரான அவர், பரோடாவில் கணக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டே ஓவியம் தீட்டினார். 1972-இல் வரைந்த ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’ ஓவியத்தின் நாயகர், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு சாமானியர். நாள்காட்டியில் கடவுளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த வண்ணங்களும் நடுநாயக இடமும் அவருக்குக் கிடைக்கின்றன. நவீன உருவ ஓவியம் என்பதை நான் புரிந்துகொண்டது இங்கேதான். அச்சு அசலாக வரைவதை ஒளிப்படக் கருவியிடம் விட்டுவிடலாம். யாரை வரைவது, அவருக்கு எவ்வளவு இடம் தருவது என்பதே ஓவியரின் முடிவு. அரூப ஓவியம் மேலோங்கியிருந்த சூழலில், கக்கர் உள்ளிட்ட ஆறு ஓவியர்கள் 1981-இல் பம்பாயிலும் டெல்லியிலும் நடத்திய கண்காட்சிக்கு ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

அந்த அறுவரில் எனக்கு மிக நெருக்கமானவர் சுதிர் பட்வர்தன். தானேயில் நீண்ட காலம் கதிரியக்க மருத்துவராகப் பணியாற்றியவர். எக்ஸ்ரே படங்களைப் பார்த்துப் பழகிய கண். அவர் வரைந்த தொழிலாளர்களின் உடலில் கனம் தெரியும். தோளும் முழங்காலும் உழைப்பைச் சொல்லும். ஆனால், அவர் யாரையும் பரிதாபத்துக்குரியவராகக் காட்டுவதில்லை. கொள்கை முழக்கத்துக்காகத் தொழிலாளியை வரைந்த பல ஓவியங்களைவிட இவை உயர்ந்தவை என்றே சொல்வேன்.

எங்கள் பகுதியின் நிலையோ விசித்திரமானது. இத்தனை கோடி லேபிள்கள் அச்சாகும் ஊரில், எந்த லேபிளிலும் பட்டாசு செய்பவரின் உருவம் இருந்து நான் பார்த்ததில்லை. வெடிவிபத்துக்கு மறுநாள் நாளிதழில் வரும் அடையாள அட்டை அளவுப் படம்தான் அவர்களுக்கு அச்சில் கிடைக்கும் இடம். உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரை, முழு உருவமாக, உரிய வண்ணத்தோடு யார் வரைவது? கொண்டையராஜு மரபின் கைத்திறனும் பட்வர்தனின் பார்வையும் சேர்ந்தால் அது முடியும் என்று நம்புகிறேன்.

இப்போது, தரையில் அமர்ந்து சரம் பின்னும் ஒரு பெண்மணியை வரைந்துகொண்டிருக்கிறேன். முதுகின் வளைவு ஓரளவு பிடிபட்டுவிட்டது. விரல்களின் வேகம்தான் இன்னும் தாளில் வரவில்லை.