கோழிக் கொட்டகைக்குக் காப்பு வேண்டுமா?

2024 மார்ச்சில், பருவ விடுமுறைக்குச் சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். போன மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, பாட்டி வளர்க்கும் பதினான்கு கம்பத்துக் கோழிகளில் மூன்று செத்துக் கிடந்தன. நோயோ என்று முதலில் பயந்தோம். ஆனால், மற்றப் பதினொன்றும் இறக்கையை அகட்டி, வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டு நின்றன. வெயில் தாழ்ந்ததும் ஒன்றுமே நடவாததுபோல் இரை பொறுக்கக் கிளம்பிவிட்டன. வெயில்தான் கொன்றிருக்கிறது. முட்டை விற்ற காசுதான் பாட்டியின் கைச்செலவு என்பதால் எங்களுக்கு அது சிறிய செய்தியன்று.

மாமா உடனே வழி சொன்னார். "நாலு பக்கமும் பாலிஸ்டிரீன் அடிச்சிட்டாப் போதும். ஐஸ் பெட்டி மாதிரி குளுகுளுன்னு இருக்கும்." சொன்னதோடு நில்லாமல், பசாரில் மீன் வைக்கும் வெள்ளைப் பெட்டிகளையும் வாங்கி வந்துவிட்டார். இயந்திரப் பொறியியல் படிக்கும் பேரன் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்தவன் நான். 'பெனெபாட் ஹாபா' என்று மலாயில் படித்ததைப் பாட்டிக்கு எப்படிச் சொல்வது? 'வெப்பக் காப்பு' என்றேன். "கோழிக்கு எதுக்குய்யா காப்பு? கால்ல போடவா?" என்றார். சரியென்று, 'போர்வை மாதிரி' என்றேன். "இந்த வெயில்ல போர்வையா?" என்று கேட்டார் பாட்டி. நாங்கள் முடிவுசெய்ய வேண்டியதும் அதைத்தான்.

போர்வை சூட்டையும் தராது, குளிரையும் தராது. வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஐஸ் பெட்டி குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் உள்ளே ஐஸ் இருப்பது. கொட்டகைக்குள் இருப்பதோ ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ் உடல் வெப்பமுள்ள கோழிகள். நான்கு பக்கமும் அடைத்தால் அவற்றின் சூடுதான் உள்ளே தங்கும். மேலும் கோழிக்கு வியர்வை கிடையாது. வாயைத் திறந்து இளைத்து, மூச்சோடு நீராவியை வெளியேற்றித்தான் உடம்பை ஆற்றிக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் அந்த வழியும் அடைபடும். காற்றோட்டமில்லாத கொட்டகையில் மூச்சின் ஈரம், எச்சத்தின் ஈரம், அதிலிருந்து எழும் அம்மோனியா எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆகவே சுவருக்குப் போர்வை கூடாது என்றேன். மாமாவுக்கு முகம் மாறிவிட்டது.

கேமரன் மலையில் வீடுள்ள நண்பன் ஒருவன், அங்கேயாவது வேண்டுமா என்று கேட்டான். இறகு முளைத்த கோழிக்கு அந்த இரவுக் குளிர் ஒரு பொருட்டன்று. பொரித்த முதல் வாரக் குஞ்சுகளுக்குத்தான் 32 முதல் 35 பாகை வரை கதகதப்புத் தேவை. அதற்கு ஒரு விளக்குப் போதும்.

அப்படியானால் பாட்டியின் கோழிகளைக் கொன்ற வெப்பம் எங்கிருந்து வந்தது? மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பமானியைக் கோழிகளின் உயரத்தில் கட்டிப் பார்த்தேன். ரம்புத்தான் மர நிழலில் 33 பாகை, கொட்டகைக்குள் 38. கூரைத் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. நம் நாட்டில் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக விழுவதால் சுவரைவிடக் கூரைதான் அதிகம் காய்கிறது. காய்ந்த தகரம், அடுப்பைப் போலக் கீழே இருப்பவற்றின்மீது அனலை வீசுகிறது. கூரையோ தாழ்வானது, பாட்டியே குனிந்துதான் உள்ளே போவார்.

எனவே காப்பு தேவைதான். ஆனால் கூரைக்கு மட்டும். தகரத்துக்கு அடியில் பளபளக்கும் அலுமினியத் தாளை விரிக்கலாம். ஆனால் அதன் பளபளப்பான பக்கம் காற்று இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பொருள்களுக்கு நடுவே அழுத்தி ஒட்டிவிட்டால், அலுமினியம் வெப்பத்தை நன்றாகவே கடத்திவிடும். கடையில் விலை விசாரித்தோம். பாட்டியின் பல மாத முட்டைக் காசு போய்விடும் போலிருந்தது. நீப்பா ஓலை மலிவுதான்; எலி குடியேறும் என்று பாட்டி மறுத்துவிட்டார்.

வெயில் தகரத்தைத் தொடாமலே செய்துவிட்டால் என்ன? நாற்றுப் பண்ணைகளில் கட்டும் கறுப்பு நிழல்வலையை வாங்கி, கூரைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் கட்டினோம். வலை சூடானாலும் இடைவெளியில் புகும் காற்று அதைக் கொண்டுபோய்விடும். மேற்குப் பக்கம் மட்டும் மாலை வெயிலுக்காக ஒரு தட்டி வைத்தோம். அதுவும் பாதி உயரத்துக்குத்தான். தண்ணீர்ப் பாத்திரம் மரத்தடிக்குப் போனது. இரை செரிக்கும்போதும் உடம்பில் வெப்பம் உண்டாவதால் தீவனத்தைக் காலையிலும் மாலையிலும் மட்டும் போடச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து அதே இரண்டு மணிக்கு அளந்தேன், 35 பாகை. இளைப்பு முற்றாக நிற்கவில்லை, ஆனால் எதுவும் சுருண்டு விழவில்லை. ஏப்ரலில் மழை பிடித்துக்கொண்டதால் பெருமை முழுவதையும் வலைக்கே கொடுத்துவிட எனக்குத் துணிவில்லை.

மாமா மனம் கேட்காமல் கொட்டகையின் ஒரு மூலையில் ஒரு பாலிஸ்டிரீன் துண்டை அடித்து வைத்தார். இரண்டே நாளில் கோழிகள் அதைப் பொரிபோலக் கொத்தித் தின்னத் தொடங்கிவிட்டன. அவரே பிடுங்கி எறிந்தார். பாட்டி யாரிடமும் கேட்காமல் கொட்டகை ஓரம் இரண்டு சுரை விதையை ஊன்றி வைத்திருந்தார். நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய அன்று அதில் ஒன்று முளைவிட்டிருந்தது.