கரிப்பெட்டியும் ஊசித்துளையும்

பெட்ரோலுக்கு ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கும் சுபாவம் இல்லை. வண்டி ஓடாமல், இன்ஜின் குளிர்ந்து, சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும் வேளையிலும், வெயில் ஏற ஏற டேங்கிலுள்ள திரவம் ஆவியாகிக்கொண்டேயிருக்கிறது. அந்த ஆவிக்கு வழி வைக்காவிட்டால் டேங்கினுள் அழுத்தம் மிகும். வழி வைத்தாலோ அது காற்றில் கலந்து ஊராருடைய சுவாசத்தில் சேரும். இவ்விரு தொல்லைகளையும் ஒருங்கே தவிர்ப்பதற்கென்று கார்களில் ஒரு சாதனத் தொகுதி அமைந்திருக்கிறது. சரியாக வேலை செய்யும்போது அதை எவரும் உணர்வதில்லை. பழுதடைந்தபோதும், ஓட்டுகிறவரின் எதிரே மஞ்சள் நிறமான செக் இன்ஜின் விளக்கு எரிவதைத் தவிர, வேறு அடையாளம் பெரும்பாலும் தென்படுவதில்லை. வண்டி முன்போலவே ஓடும், மைலேஜ் குறையாது, சத்தமும் கேட்காது. இவ்வளவு மௌனமான நோயின் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது, மோட்டார் தொழிலில் பொறுமையையும் ஒழுங்கான சிந்தனையையும் மிகுதியாக வேண்டுகிற காரியங்களுள் ஒன்று.

இந்த ஏற்பாடு பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. 1943 ஜூலை 26-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின்மீது கண்ணை எரிக்கும் புகைமூட்டம் கவிந்தபோது, யுத்த காலமாதலால் பகைவர் விஷவாயுவை ஏவிவிட்டனரோ என்று ஜனங்கள் அஞ்சினர். பின்பு, செயற்கை ரப்பருக்கு வேண்டிய ரசாயனத்தைத் தயாரித்த ஒரு தொழிற்சாலையின்மேல் பழி விழுந்தது. அதன் வேலையை நிறுத்திய பின்னும் மூட்டம் அகலவில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு நாட்டு ரசாயன நிபுணர், பாசடீனாவிலுள்ள தமது ஆய்வுக்கூடத்தில் நகரத்துக் காற்றையும் அவ்வாறே குளிரவைத்து வடித்துப் பரிசோதித்து, மோட்டார் வண்டிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு சூரிய வெளிச்சத்தில் கூடி ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். எரிந்து வரும் புகையோடு எரியாத பெட்ரோலின் ஆவியும் அந்தக் குற்றத்தில் பங்காளி என்பது இதிலிருந்து விளங்கியது. அக்காலத்துக் கார் ஒன்று வெளிவிட்ட ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் வெறும் ஆவியாகவே போய்க்கொண்டிருந்தது. ஆகவே 1970 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவிலும், அடுத்த மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதிலும், ஆவியைப் பிடித்து வைக்கும் கருவி கட்டாயமாயிற்று. இன்று நம் நாட்டுப் பெட்ரோல் கார்களிலும் அது இருக்கிறது.

அதன் அமைப்பு எளியது. டேங்கின் மேற்புறத்திலிருந்து ஒரு குழாய் ஆவியைக் கரிப்பெட்டிக்குக் கொண்டு செல்கிறது. தொழில் தெரிந்தவர்கள் அந்தப் பெட்டியைக் கேனிஸ்டர் என்பார்கள். அதனுள் நிரம்பியிருக்கும் விசேஷக் கரியில் உள்ள நுண்ணிய துவாரங்கள் எண்ணிறந்தவையாதலால், ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்துப் பார்க்க முடியுமானால் அது 1,000 சதுர மீட்டருக்கும் மேற்படும். அந்தத் துவாரங்களின் சுவர்களில் பெட்ரோல் ஆவி ஒட்டிக்கொள்ள, தூய காற்று மட்டும் பெட்டியின் மறுபுறத்திலுள்ள வென்ட் வால்வு வழியே வெளியேறுகிறது. கரி ஆவியைப் பற்றிக்கொள்வதோடு நில்லாமல், வேண்டியபோது விட்டுக்கொடுக்கவும் வேண்டும். தேங்காய் ஓட்டுக் கரியின் துவாரங்கள் மிகக் குறுகலாயிருந்து, பற்றியதை எளிதில் விடுவதில்லையாதலால், இந்தப் பெட்டிகளுக்கு மரத்திலிருந்து செய்த கரியையே பெரிதும் விரும்புகின்றனர். இன்ஜின் சூடேறி ஓடத் தொடங்கிய பின், வண்டியின் கம்ப்யூட்டர், அதுவரை மூடியிருந்த பர்ஜ் வால்வைத் திறக்கிறது. இன்ஜினின் இழுப்பு சக்தி வெளிக்காற்றைக் கரியினூடே இழுத்து, ஒட்டியிருந்த ஆவியைப் பெயர்த்துச் சிலிண்டருக்குள் கொண்டுபோய் எரித்துவிடுகிறது. ஊரைக் கெடுத்திருக்க வேண்டிய ஆவி வண்டியை ஓட்டும் சக்தியாக மாறுவதை நினைக்கும்போது, இதை வகுத்தவர்களின் புத்தி நுட்பத்தை மெச்சாமலிருக்க முடியவில்லை.

1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்கள் இந்தத் தொகுதியில் ஒழுக்கு உண்டா என்று தாமே பரிசோதித்துக்கொள்ள வேண்டுமென்று விதி வந்தது. முதலில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையைக் கண்டுபிடித்தால் போதும் என்றிருந்தது. 2000-ஐ ஒட்டிய மாடல்களிலிருந்து அதில் பாதியளவு துளையையும் கண்டுபிடிக்கவேண்டும் என்று ஆயிற்று. கம்ப்யூட்டர் வென்ட் வால்வை மூடி, பர்ஜ் வால்வின் வழியாக டேங்கினுள் இலேசான வேக்குவத்தை உண்டாக்கி, பின் அதையும் மூடிவிட்டு, அந்த வேக்குவம் நிலைத்து நிற்கிறதா, கரைந்து போகிறதா என்று டேங்கிலுள்ள அழுத்த சென்சார் மூலம் கவனிக்கிறது. அந்த வேக்குவம் நீரைச் சில அங்குல உயரம் தூக்கும் அளவே இருக்கும். சில கார்களில் இதற்கென்று தனி பம்பு உண்டு; வண்டியை நிறுத்திச் சுமார் ஐந்து மணி நேரம் சென்ற பின், ஒருவரும் இல்லாத ஷெட்டில் அது தானே விழித்துச் சற்று நேரம் முனகிவிட்டு ஓய்வதைக் கேட்டுத் திகைத்த சொந்தக்காரர்கள் உண்டு.

பரிசோதனை ஒருமுறை தவறினாலே விளக்கு எரிந்துவிடுவதில்லை; பெரும்பாலும் அடுத்த முறையும் தவறினால்தான் எரியும். அப்போது ஸ்கேனரைப் பொருத்தினால் ஒரு குறியெண் கிடைக்கிறது: பி 0455 என்றால் பெரிய ஒழுக்கு, பி 0442 என்றால் சிறியது, பி 0456 என்றால் மிகச் சிறியது. இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். குறியெண் சொல்வது, எந்தப் பரிசோதனை தோற்றது என்பதை மட்டுமே; எந்த உறுப்பு கெட்டது என்பதை அது சொல்வதில்லை. எண்ணைக் கண்டவுடன் கடைக்கு ஓடி ஒரு வால்வையும், அது பயன்படாதபோது இன்னொரு வால்வையும், கடைசியில் விலையுயர்ந்த கேனிஸ்டரையும் வாங்கி மாற்றுவது வண்டிக்காரரின் பணத்துக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

முதலில் பெட்ரோல் மூடியைப் பார்ப்பது வழக்கம். அது நியாயமான வழக்கமே. அதன் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருக்கலாம், அல்லது பெட்ரோல் போட்டவர் அது கிளிக்கென்று ஓசையிடும் வரை திருகாமல் விட்டிருக்கலாம். ஆனால் மூடியைப் பார்ப்பவர்கள் அது அமரும் வாயைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையெங்கும் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில், பெட்ரோல் ஊற்றும் இரும்புக் கழுத்தின் விளிம்பு துருவால் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகிவிட்டால், எத்தனை புதிய மூடி வாங்கினாலும் பயனில்லை.

அடுத்தது பர்ஜ் வால்வு. மின்சாரம் செல்லாத வேளையில் இது இறுக மூடியிருக்க வேண்டும்; இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸை உருவி, வால்வின் வாயில் விரலை வைத்தால் இழுப்புத் தெரியக்கூடாது. தெரிந்தால் வால்வு திறந்தே கிடக்கிறது என்று பொருள். பெட்ரோல் போட்ட கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்வதும் இந்தக் கோளாறுக்கே உரிய லட்சணம். டேங்கிலிருந்து மிகுதியான ஆவி கட்டுப்பாடின்றி இன்ஜினுக்குள் புகுந்து, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைக் குலைத்துவிடுகிறது. இத்தகைய லட்சணங்களை வண்டிக்காரரிடம் கேட்டறிய ஐந்து நிமிஷம் செலவிடுகிற மெக்கானிக், அரைநாள் வேலையை மிச்சப்படுத்திக்கொள்கிறார்.

வென்ட் வால்வின் குணம் இதற்கு நேர்மாறானது; சாதாரணமாக அது திறந்தே இருக்க வேண்டும். வண்டியின் பின்புறத்தில், கீழே, புழுதிக்கும் சேற்றுக்கும் அருகில் அது வாழ்வதால், மண் புகுந்து மூட முடியாமற்போனால் பெரிய ஒழுக்கு இருப்பதாகக் கம்ப்யூட்டர் எண்ணும். வழி அடைபட்டுவிட்டாலோ, பெட்ரோல் போடும்போது பம்பின் துப்பாக்கி அடிக்கடி தானே நின்றுவிடும். இந்த அடைப்பைப் பற்றி ஆச்சரியமான ஒரு வரலாறு உண்டு. 2011-இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் தனது மாஸ்டா 6 கார்களில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. மஞ்சள் நிறமான ஒருவகைச் சிலந்தி வென்ட் குழாய்க்குள் புகுந்து வலை பின்னியதே அதற்குக் காரணம். காற்று உள்ளே வர வழியில்லாதபோது, பர்ஜ் வால்வு திறக்குந்தோறும் டேங்கினுள் வேக்குவம் மிகுந்து, டேங்கிலேயே விரிசல் விழுந்து பெட்ரோல் கசியக்கூடும். அதிலிருந்து தீயும் மூளலாம். பரிகாரமாகச் சிலந்தி நுழையாதபடி ஒரு சுருள்வில்லைக் குழாயில் பொருத்தினார்கள். 2014-இல் அதே சிலந்தியின் பொருட்டு மறுபடியும் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

மூடியும் வால்வுகளும் குற்றமற்றவை என்று தெளிந்த பின், மிஞ்சுவது குழாய்களிலும் இணைப்புகளிலும் எங்கோ ஒளிந்திருக்கும் துளை. பஞ்சர் கடைக்காரர் காற்றடைத்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைப் பிடிக்கிறாரே, அதே யுக்தியைக் காருக்குச் செய்யவேண்டும். காரைத் தொட்டியில் அமிழ்த்த முடியாதாகையால், இங்கே தண்ணீருக்குப் பதிலாகப் புகை. கனிம எண்ணெயைச் சூடாக்கிப் புகையாக்கும் ஒரு யந்திரம், அந்தப் புகையை நைட்ரஜன் போன்ற தீப்பிடிக்காத வாயுவோடு சேர்த்து, சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டுக்கும் குறைவான அழுத்தத்தில் குழாய்களுக்குள் செலுத்துகிறது. வென்ட் வால்வுக்கு ஸ்கேனர் மூலமாகக் கட்டளையிட்டு அதை மூடிவைத்து, வண்டியின் அடியில் டார்ச் விளக்கோடு படுத்துப் பொறுமையாக நோக்கினால், எலி கடித்த ஹோஸிலிருந்தோ, இறுகிப்போன ஓ-ரிங்கின் ஓரத்திலிருந்தோ, டேங்கின்மேல் துருப்பிடித்த குழாயிலிருந்தோ, மெல்லிய புகையிழை ஒன்று எழுவது தெரியும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைக் கொண்டு இதைச் செய்ய ஒருபோதும் முயலக்கூடாது. அந்த அழுத்தத்தில் டேங்கும் சென்சாரும் சிதையும், பெட்ரோல் ஆவியோடு காற்று கலந்தால் ஒரு பொறி போதும்.

துளை தெரிந்துவிட்டால் பழுது பார்ப்பது பெரும்பாலும் சுலபம். வெடித்த ஹோஸை வெட்டிச் சாதாரண ரப்பர்க் குழாயை மாட்டக்கூடாது. பெட்ரோலுக்கும் அதன் ஆவிக்கும் தாங்குமென்று செய்யப்பட்ட ஹோஸே வேண்டும். கேனிஸ்டரை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். பம்பு தானே நின்ற பிறகும் வட்டத் தொகையாகட்டும் என்று மேலும் மேலும் பெட்ரோல் போடும் பழக்கம் அதற்குப் பரம சத்துரு; ஆவிக்கென்று வைத்த கரி திரவத்தில் நனைந்து வீணாகிறது. பெட்டி உடைந்து கரித்துகள் வெளிப்பட்டு, பர்ஜ் வால்வின் வாயில் சிக்கி, அதை மூடவொட்டாமல் செய்வதும் உண்டு. அப்படிக் கரித்துகளைக் கண்டால், வால்வை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை அனுப்புவது வேலையைப் பாதியில் விடுவதாகும். பெட்டியையும் மாற்றி, குழாயிலுள்ள துகளையும் ஊதி அகற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் குறியெண்ணை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் அது பழுது நீங்கியதற்குச் சாட்சியாகாது. கம்ப்யூட்டர் தன் பரிசோதனையை மீண்டும் நடத்தி முடிக்க வேண்டும். அதற்கோ, வண்டி ஓரிரவு முழுவதும் குளிர்ந்து நின்றிருக்க வேண்டும், டேங்கில் பெட்ரோல் நிரம்பியும் இருக்கக்கூடாது, வற்றியும் இருக்கக்கூடாது. பல கார்களில் 15 சதவீதத்துக்கும் 85 சதவீதத்துக்கும் இடைப்பட்ட அளவே தகுதியானது. ஆகையால் கைதேர்ந்த மெக்கானிக், பாதி டேங்க் பெட்ரோலோடு வண்டியை ஒப்படைத்து, சில நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, ஸ்கேனரில் அந்தப் பரிசோதனை முடிந்து தேறியதாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே கணக்கை முடிக்கிறார்.