பெரியநாயகி மாதா திருத்தலம், கோணான்குப்பம்
18-ஆம் நூற்றாண்டு | விருத்தாசலம் வட்டாரம், கடலூர் மாவட்டம்

இத்திருத்தலத்தை நிறுவியவர் வீரமாமுனிவர் (1680–1747). இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி, இயற்பெயர் பெஸ்கி. மதுரை மிஷன் பணிக்காகத் தமிழகம் வந்து, புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணியை 3,615 பாடல்களில் இயற்றினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார்.

பீடத்தில் உள்ள மாதாவின் சுரூபத்தை உற்றுப் பாருங்கள். தமிழ்ப் பெண்ணைப் போலச் சேலை உடுத்தி, கையில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கிறார். முனிவரின் விருப்பப்படி இச்சுரூபம் மணிலாவில் செய்யப்பட்டுக் கடல்வழி வந்ததாக மரபு கூறுகிறது. இம்மண்ணின் மக்கள் அன்னையைத் தங்கள் வீட்டுத் தாயாகவே காண வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஜனவரியில் நடைபெறும் ஆண்டுப் பெருவிழாவின் தேர்ப்பவனியில் பல சமயத்தாரும் கலந்துகொள்கின்றனர்.