கால் எட்டாத குதிரை

ஹீரோ எக்ஸ்பல்ஸ் புரோவில் சந்திரா நதிக்கரைக் கற்களின் மேல் ஒரு முதல் சவாரி

மணாலியில் அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக் முதலில் பார்த்தது வண்டியை அல்ல, என் கால்களை. "சார்ஜி, ஐந்தடி ஆறு அங்குலம் இருப்பீர்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்புக்குக் காரணம் உண்டு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோவின் இருக்கை தரையிலிருந்து 891 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் எனக்குக் கட்டைவிரல் நுனிதான் தரையில் படும். நாற்பதைத் தாண்டிய ஆசாமி நடைபாதை ஓரமாக நிறுத்தி, கல்லில் கால் வைத்து ஏறுவது கௌரவமான காட்சி அல்ல.

உயரம் சும்மா வந்ததல்ல. வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் 270 மி.மீ. இடைவெளி. முன்சக்கரம் 250, பின்சக்கரம் 220 மி.மீ. வரை மேலும் கீழும் போய்வரும். பாறைகளில் ஏறி இறங்க இதெல்லாம் வேண்டும். 2023இல் இது அறிமுகமானபோது ஷோரூம் விலை சுமார் 1.51 லட்சம் ரூபாய். வெளிநாட்டு வண்டிகளோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு.

ஹீரோவுக்கு இது முதல் முயற்சியும் அல்ல. 2011இல் இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டியை இறக்கியது. வாங்க ஆள் இல்லை. பிறகு காலம் மாறியது. 2015இல் சி.எஸ். சந்தோஷ் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரானார். 2016இல் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வந்தது, 2019இல் எக்ஸ்பல்ஸ். 2024 டக்காரில் ஹீரோ அணியின் ராஸ் பிராஞ்ச் இரண்டாமிடம் பிடித்தார்.

தில்லியில் வண்டியைக் கையில் வாங்கியதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மெக்கானிக் அப்படி நினைக்கவில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து மட்கார்டில் ஒரு புள்ளி வரை டேப்பால் அளந்தார். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், மூட்டை சகிதம் என்னை ஏற்றி மறுபடி அளந்தார். ஐம்பது மில்லிமீட்டர்தான் அமுங்கியிருந்தது. மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எழுபது அமுங்க வேண்டும் என்பது கணக்கு. என் 62 கிலோவுக்கு ஸ்பிரிங் அதிக இறுக்கம். தளர்த்தினார், கூடவே இருக்கையும் விரலளவு தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கலாமா என்றேன். "அப்புறம் இந்த வண்டியை ஏன் வாங்கினீர்கள்?"

கைப்பிடியைச் சற்று முன்னால் சாய்த்தார். நின்றுகொண்டே ஓட்டும்போது மணிக்கட்டு மடங்காமலிருக்க பிரேக், கிளட்ச் லீவர்களைக் கீழ்நோக்கித் திருப்பினார். அவற்றின் திருகுகளை மட்டும் முழுக்க இறுக்கவில்லை. மறந்துவிட்டாரோ என்று சந்தேகப்பட்டேன். டயர் காற்றையும் குறைத்தார், ஆனால் அளவோடு. டியூப் உள்ள டயரில் காற்று ரொம்பக் குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும்.

2024 ஜூன் கடைசியில் அடல் சுரங்கத்தைக் கடந்து வலப்புறம் திரும்பி, கோக்சர் வழியாக கிராம்புவை அடைந்தேன். அங்கிருந்து பாதல் சுமார் ஐம்பது கிலோமீட்டர். பாதை என்பது மரியாதைக்காகச் சொல்வது. பல இடங்களில் அது உருண்டைக் கற்கள் கிடக்கும் ஆற்றுப்படுகைதான். ஏபிஎஸ்ஸை ராலி நிலைக்கு மாற்றி முழுதும் அணைத்தேன். உதிரிக் கற்களில் ஏபிஎஸ் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதால் வண்டி நிற்க மறுக்கும்.

எழுந்து நின்றதும் விஷயம் புரிந்தது. உட்கார்ந்திருக்கையில் பூதமாகத் தெரிந்த வண்டி, நின்றால் முழங்கால்களுக்கிடையில் தானே நெளிந்து வழி தேடுகிறது. 21 அங்குல முன்சக்கரம் தேங்காய் அளவு கற்களை அலட்சியமாகத் தாண்டியது. சுமார் 19 குதிரைத்திறன் என்ஜின்தான் மேலே ஏற ஏற மூச்சு வாங்கியது. 4,000 மீட்டரை நெருங்கும்போது காற்றே மெலிந்துவிடுகிறது. செங்குத்தான இடங்களில் முதல் கியரைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது ஓடையில் எதிரே லாரி. நடுத்தண்ணீரில் நின்று இடது காலை ஊன்றினேன். அந்த இடத்தில் பள்ளம். சுமார் 160 கிலோ வண்டியோடு சாய்ந்தேன். பனி உருகிய தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கியது. லாரி கிளீனர் குதித்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தூக்கி நிறுத்தினார். கிளட்ச் லீவர் உடைந்திருக்கும் என்றுதான் குனிந்து பார்த்தேன். திருகு தளர்வாக இருந்ததால் அது உடையாமல் சுழன்று மேல்நோக்கி நின்றது. கையால் தட்டி இறக்கினேன். என்ஜினும் இரண்டாவது முயற்சியில் கிளம்பியது.

அடுத்த ஓடைகளில் நான் நிற்கவே இல்லை. எதிர்க்கரை காலியாகும் வரை இக்கரையிலேயே காத்திருந்து, ஒரே மூச்சில் கடந்தேன். அப்படியும் நிற்க நேர்ந்தால் உடம்பை ஒரு பக்கம் நகர்த்தி, ஒரே காலை முழுதாக ஊன்றப் பழகிக்கொண்டேன்.

பாதல் டாபாவில் ராஜ்மாவும் சோறும் சாப்பிட்டபடி சாக்ஸைக் காய வைத்தேன். மாலையில் திரும்ப வேண்டாம் என்றார்கள். வெயில் ஏற ஏற பனி உருகி ஓடைகள் பெருகிவிடுமாம். மறுநாள் காலை ஐந்தரைக்கே கிளம்பினேன். நான் விழுந்த ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது.