மேடை ஏறியவர்களும் மாட்டிக்கொண்டவர்களும்

1940இல் பதுளை நீதவான் ஒரு தடையுத்தரவு போட்டார். லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்கள் இந்தப் பக்கம் கூட்டம் வைத்துப் பேசக் கூடாது. தோட்டத் துரைமார் கேட்டு வாங்கிய உத்தரவு அது. ஊவாவில் வேலைநிறுத்தம் தோட்டம் விட்டுத் தோட்டம் தாவிக்கொண்டிருந்த நேரம். கட்சித் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா உத்தரவை மதிக்காமல் பதுளைக்கு வந்து பெருங்கூட்டத்தில் பேசினார். பொலிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, துரை அதோடு கலந்து பேச வேண்டிய நிலையை உண்டாக்கினார்கள். ஜூனில் கட்சித் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

வெறுப்புப் பிரசங்கிகளைப் பேச விடலாமா, மதச் சட்டத்துக்கு ஒரு நாட்டில் எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்று லண்டனிலும் டொரொன்டோவிலும் பல வருடமாக வாதாடுகிறார்கள். அந்த வாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பதுளைத் தடையுத்தரவுதான் ஞாபகம் வரும். யார் பேசலாம், யார் பேசக் கூடாது என்ற கேள்வி நமது மலைகளுக்குப் புதிதல்ல. அன்று அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது தோட்டத்துக் கேட்.

பசறையைத் தாண்டி மடுல்சீமைக்கு ஏறும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளைவு கம்பெனித் தோட்டம். அன்று லயம் இருந்த நிலம் கம்பெனியுடையது. லயத்துக்குப் போகும் பாதையும் அப்படித்தான். வெளியாள் உள்ளே காலை வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு தோட்டங்களுக்குள் நுழைந்த கதையை மலையகத்தில் தெரியாதவர் குறைவு. பேச்சாளரைத் தடுக்க அன்று பேச்சைப் பற்றிய சட்டமே தேவைப்படவில்லை. நிலத்தைப் பற்றிய சட்டம் போதும்.

ஆனால் அந்தக் கேட்டைத் தாண்டி வந்தவர் நம் கண்ணெதிரே நின்றுதான் பேசினார். பிடிக்காவிட்டால் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து கேள்வி கேட்கலாம், கூச்சல் போடலாம், கலைந்து போகலாம். பேசியவர் முகம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த சம்பள நாளைக்குள் அவர் சொன்னது நடந்ததா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு வானொலி வந்தது. இலங்கை வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சி தமிழில்தான் போகும். நோன்பு மாதத்தில் லயத்து வானொலிகளிலும் அது ஓடும். யாரும் எழுந்து போய்த் திருப்பியதில்லை. நாகூர் ஹனிபாவின் குரல் மாரியம்மன் திருவிழா ஒலிபெருக்கியில் வருவதும் சாதாரணம். அது பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஒலிபரப்பாளர் வெட்டி ஒட்டிக் கொடுத்ததைத்தான் அன்று நாம் கேட்டோம். எனினும் ஒரே பேச்சை எல்லா வீட்டிலும் கேட்டார்கள். மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதைப் பற்றிப் பேச முடிந்தது.

இன்று அப்படியில்லை. பேச்சு ஒவ்வொருவர் ஃபோனுக்குள்ளும் தனித்தனியே வருகிறது. பதுளை பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர் ஒரு பிரசங்கம் கேட்பார், பின் சீட்டில் இருப்பவர் அதற்கு நேர் எதிரான ஒன்றைக் கேட்பார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தமிழ்நாட்டு தவ்ஹீத் பேச்சாளர்களின் கேசட்டும் சீடியும் முதலில் வந்தன. பின்னர் யூடியூப். தர்கா கூடாது, கந்தூரி கூடாது என்ற பேச்சு முதலில் முஸ்லிம்களுக்குள்தான் சண்டை மூட்டியது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காத்தான்குடி சஹ்ரான் ஹாஷிமும் அப்படித்தான் தொடங்கினார். அவர் பேச்சு தமிழில் இருந்தது. நமக்கெல்லாம் புரியும் தமிழ். 2017 மார்ச்சில் அவரது ஆட்கள் சூஃபி வழியைப் பின்பற்றும் முஸ்லிம்களோடு காத்தான்குடியில் மோதினார்கள். அதற்குப் பின் அவர் தலைமறைவானார். பேச்சு மட்டும் தலைமறைவாகவில்லை. முகநூலிலும் யூடியூபிலும் வந்துகொண்டே இருந்தது. அவரைப் பற்றி முதலில் பொலிஸுக்குப் போய் முறையிட்டவர்கள் முஸ்லிம்கள்தாம். 2019 ஏப்ரல் 21 வரை அவரைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. அன்று அவரும் அவரது ஆட்களும் வெடிக்கவைத்த குண்டுகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஈஸ்டர் பூசைக்குப் புது உடுப்பு உடுத்திப் போன தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு.

அதன் பிறகு வந்த வாரங்களில் மலையகக் கடைத்தெருக்களில் நடந்தது வேறு கதை. நானா கடையில், அதாவது முஸ்லிம் கடையில், வாங்காதே என்று ஃபோனுக்கு ஃபோன் செய்தி பறந்தது. சில இடங்களில் அது எடுபட்டது. தோட்டப்புறத்தில் அவ்வளவாக எடுபடவில்லை. அதற்குக் காரணம் பெரிய நல்லிணக்கம் ஒன்றுமில்லை, கொப்பிதான். நானாவிடம் கடன் கொப்பி இருக்கிறது. "கொப்பியில போட்டுக்கோங்க நானா, சம்பளத்துக்குப் பார்ப்போம்" என்று சொல்லி மாவும் பருப்பும் வாங்கிப் போகும் அக்காவுக்கு, புறக்கணிப்பு என்பது கையில் காசுள்ளவர்கள் செய்யும் வேலை. கடன் சில வேளை நல்ல காரியமும் செய்யும்.

சட்டம் எப்படி நடந்தது? அதைப் பார்க்க மடுல்சீமையிலிருந்து வடக்கே இறங்கி, மஹியங்கனையைத் தாண்டி ஹசலக்க வரை போனால் போதும். 2019 மே மாதம் அங்கே ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸ் கைதுசெய்தது. அவர் மேடையில் ஏறவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உடுத்திருந்த சட்டையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சாகியிருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவர்மீது பாய்ச்சப்பட்டது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தை இலங்கையில் நடைமுறைப்படுத்த வந்த சட்டம் அது. இன, மத வெறுப்பைத் தூண்டிப் பேசுவதை அதன் 3ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பத்து வருடம் வரை சிறை. பிணை கொடுக்க மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். சிறுபான்மையினரைக் காக்க எழுதப்பட்ட பிரிவு, ஒரு சிறுபான்மைப் பெண்ணின் சட்டையைத் தேடி வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டுத்தான் அவர் வெளியே வந்தார். உயர் நீதிமன்றம் அந்தக் கைது தவறு என்று சொல்ல 2023 நவம்பர் வரை எடுத்தது.

2020இல் மன்னார் பக்கம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் கைதானார். இம்முறை பயங்கரவாதத் தடைச் சட்டம். அவரது ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் போற்றுகிறதாம். தமிழ் தெரிந்தவர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் அதில் இருப்பதைச் சொன்னார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் கம்பிக்குள் இருந்த பிறகு 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் விடுதலை. சஹ்ரானின் தமிழைக் கேட்கத் தவறிய அரசு, ஒரு கவிஞரின் தமிழைத் தப்பாகப் படித்தது.

முஸ்லிம்களுக்கு மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில், குண்டுகள் வெடிப்பதற்கு முன்னரே, அதே 3ஆம் பிரிவில் உள்ளே போனார். நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய 2023இல் போனார். பௌத்த மேலாதிக்கப் பேச்சை எதிர்த்த மஹியங்கனை வட்டரெக்க விஜித தேரர், 2014 ஜூனில் அடித்துப் போடப்பட்ட நிலையில் பாணந்துறைப் பக்கம் தெருவோரம் கிடந்தார். அவர் இருந்த மஹியங்கனையும் ஊவாவில்தான்.

மறுபக்கம், அந்த மேலாதிக்கப் பேச்சைப் பேசிய ஞானசார தேரர். 2014 ஜூனில் அளுத்கமவில் அவர் மேடையில் பேசினார். பேச்சு முடிந்ததும் முஸ்லிம்களுக்கு எதிராகத் தெருவில் என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. 2018இல் நீதிமன்றத்தை அவமதித்த வழக்கில் ஆறு வருடத் தண்டனை கிடைத்தது. 2019 மே மாதம் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்தார். ஹசலக்கப் பெண் உள்ளே போன அதே மாதம்! 2021இல் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்கு அவரே தலைவர். முதலில் அறிவித்த பட்டியலில் ஒரு தமிழர்கூட இல்லை. கண்டனம் எழுந்த பிறகு சேர்த்துக்கொண்டார்கள். கூரகல தலத்தைப் பற்றிய விவகாரத்தில் 2016இல் இஸ்லாத்தை இழிவாகப் பேசியதற்கு 2024 மார்ச்சில்தான் தண்டனை வந்தது. பேச்சுக்குத் தண்டனை வர எட்டு வருடம். சட்டைக்குக் கைது உடனே.

இதற்கு முன்னாலும் ஊவாவுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு. 2000 அக்டோபர் 25, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ. புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் கொலைக்கு முன்பே ஊரில் ஒட்டப்பட்டிருந்தன. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலை. சுவரொட்டி எழுதியவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே பிரிட்டனின் வெறுப்புப் பிரசங்கி அஞ்சம் சவுத்ரியின் கதையைப் படித்துவிட்டு, பேச்சு சுதந்திரத்தால் வந்த வினை என்று நம்மவர்கள் சொல்லும்போது நான் கொஞ்சம் யோசிப்பேன். சவுத்ரி இருபது வருடத்துக்கு மேல் தொலைக்காட்சி தொலைக்காட்சியாகப் போய்ப் பேசினார். 2010இல் அவரது அமைப்பைத் தடைசெய்தார்கள், 2016இல் சிறை, 2024இல் ஆயுள் தண்டனை. சுணக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரோடு மேடையில் மல்லுக்கட்டிய முஸ்லிம்களாலும் அங்கே பேச முடிந்தது, அவர்களைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. இங்கே கடுமையான சட்டம் இல்லாத குறையே இல்லை. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்றும் வந்திருக்கிறது. எந்தச் சட்டம் வந்தாலும் பக்கத்தில் கிடைப்பவரைத்தான் அது முதலில் பிடிக்கிறது.

மதச் சட்டத்துக்கு வருவோம். 2008இல் கன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ், ஷரியாவின் சில அம்சங்களுக்கு பிரிட்டனில் இடம் கொடுப்பது தவிர்க்க முடியாததுபோல் தெரிகிறது என்ற பொருளில் பேசிவிட்டு ஊரெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார். 2005இல் ஒன்டாரியோ மாகாணம், மத அடிப்படையில் குடும்பத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் முறை எந்த மதத்துக்கும் வேண்டாம் என்று அறிவித்தது. பதுளை டவுனில் இருப்பவருக்கு இந்தப் பரபரப்பே விளங்காது. ஒரே தெருவில் உள்ள மூன்று வீட்டுக்கு இங்கே மூன்று கல்யாணச் சட்டம். கண்டியச் சிங்களவருக்குக் கண்டிய விவாகச் சட்டம். முஸ்லிமுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். தோட்டத் தமிழருக்குப் பொதுச் சட்டம். யாழ்ப்பாணத்துத் தேசவழமை நம்மைச் சேராது. இதற்கெல்லாம் அடித்தளம் போட்டது எந்தப் பிரசங்கியும் அல்ல, வெள்ளைக்காரன் காலத்து அரசாங்கம்.

அதனால் மட்டும் அது நல்லதாகிவிடாது. பொதுச் சட்டத்தில் 1995இலிருந்து கல்யாண வயது பதினெட்டு. முஸ்லிம் சட்டத்தில் பன்னிரண்டுக்குக் கீழே உள்ள பிள்ளையைக்கூட காதி நீதிபதியின் அனுமதியோடு கட்டிவைக்க வழி விட்டிருக்கிறது. மணப்பெண் கையெழுத்துப் போடத் தேவையில்லை, அவளுடைய பாதுகாவலரான ‘வலி’ போட்டால் போதும். பெண் காதியாக முடியாது. இதை மாற்ற நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009இல் அமைத்த குழு அறிக்கை கொடுக்க ஒன்பது வருடம் எடுத்தது, கொடுத்தபோதும் இரண்டாகப் பிரிந்துதான் கொடுத்தது. 2016 நவம்பரில் கொழும்பில் இந்த மாற்றத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்தது தவ்ஹீத் ஜமாத். அதில் பேசியதற்காக அதன் செயலாளரைப் பிடித்தார்கள். என்ன பேசியதற்கு? ஞானசார தேரரைத் திட்டியதற்கு. சிறுமிகளின் கல்யாண வயது பற்றிய விவாதம், இரண்டு பிரசங்கிகளின் சண்டையாக மாறி செய்தியில் வந்தது.

அந்தச் சண்டைக்கு நடுவே, காதி நீதிமன்றத்தில் தாபரிப்புப் பணத்துக்கு அலைந்து, அந்த அனுபவத்தை வெளியே சொன்ன முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் அவர்களை மார்க்கத்துக்கு எதிரி என்றார்கள். ஊருக்கு வெளியே அவர்கள் பேச்சை ஞானசார தேரரின் ஆட்கள் தங்கள் பேச்சுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். 2021 மார்ச்சில் அமைச்சரவை சட்டத்தை மாற்ற ஒப்புதல் கொடுத்தது. ஒப்புதல் அமைச்சரவையோடு நின்றுவிட்டது. மடுல்சீமைப் பக்கம் கல்யாண வயது வந்த, வராத பெண் பிள்ளைகளுக்கு 1951தான் இன்னும் சட்டம், அவர்கள் முஸ்லிமாக இருந்தால்.